எழுபதில் நிற்கும் முள்

நாங்கள் குடியிருக்கும் கட்டடம் போட்டாதாங்கில், ஸ்ட்ராண்டு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. மூன்று தளம், தளத்துக்கு இரண்டு வீடு. யாங்கோனில் இந்த அளவுக் கட்டடங்களில் பார்க்க முடியாத ஒரு பொருள் எங்களிடம் உண்டு. பின்முற்றத்துத் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் பாய்லர்தான் அது. கட்டடத்தைக் கட்டியவர் கப்பல் எஞ்சினியராக இருந்தவர். கப்பலில் செய்வதைப் போலவே ஒரே தொட்டியில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஆறு வீடுகளுக்கும் அனுப்பினார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கி வரும். மின்சாரத்தில் சூடாகி, வேறொரு குழாயில் ஏறி வீடுகளுக்குப் போகும்.

ஊரெல்லாம் மூச்சுக்காற்றுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற அந்த நோய்க்காலத்தில் எஞ்சினியர் இறந்துபோனார். கீழ்த்தளத்தில் இருக்கும் மனைவிக்குத் தொற்றக் கூடாது என்று, காலியாகக் கிடந்த மேல்தளத்து வீட்டில் தனியாகப் படுத்திருந்து, அங்கேயே முடிந்தது. அந்த வீடு எங்கள் வீட்டுக்கு நேர் மேலே. அதன் பிறகு அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மின்சார இணைப்பையும் துண்டித்துவிட்டார்கள். எஞ்சினியரின் மனைவி மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கூடையில் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு படிப்படியாக ஏறிப் போவார். அங்கே அவர் வைத்திருக்கும் புத்தர் மாடத்துக்குப் பூ மாற்றுவதாகச் சொல்வார். ஒரு மணி நேரம் உள்ளே இருப்பார். அந்த நேரத்தில் படியில் போகிறவர்களுக்கு அவர் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்கும். புருஷனோடு பேசுகிறார் என்று எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடுவோம்.

எனக்குப் பாய்லர் வேலை தெரியும். லைங் தாயாவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில், இஸ்திரிப் பிரிவுக்கு நீராவி கொடுக்கும் பாய்லரை இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொழிற்சாலையை மூடியபின் வீட்டோடு இருந்தேன். எங்கள் மகள் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். நானும் மனைவியும்தான். சும்மா இருக்கிறவன் கையில் கட்டடத்துக்காரர்கள் அந்தப் பாய்லரை ஒப்படைத்தார்கள். கொட்டகைக்கு இரண்டு சாவி. ஒன்று எனக்கு, இன்னொன்று எஞ்சினியரின் மனைவிக்கு.

மின்கட்டணம் உயர்ந்த சமயம் ஒரு நாள் எல்லோரும் மாடிப்படியில் கூடினோம். பாய்லரை நிறுத்திவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், சூட்டைக் குறைத்தாலே போதும் என்றேன். எஞ்சினியர் வைத்தபடி, சூட்டைத் திருப்பும் குமிழின் முள் எப்போதும் எழுபது டிகிரியில் நின்றது. எழுபதில் யாரும் குளிக்க முடியாது. பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்துதான் ஊற்றிக்கொள்கிறோம். வழியெல்லாம் குழாய் சுவரைச் சூடாக்கிக்கொண்டு போகிறது. ஐம்பத்தைந்தில் வைத்தால் குளிக்கத் தாராளம். அதற்கும் கீழே போனால்தான் தொட்டிக்குள் கிருமி பிடிக்கும். இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். எஞ்சினியரின் மனைவி மட்டும் தலையாட்டவில்லை. நான் அவரை அமா என்று கூப்பிடுவேன், பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். அவர் என்னைச் சயா என்பார். வேலை தெரிந்தவர்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். எங்கள் பேச்சு பர்மியத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எழுபதுக்குக் குறைஞ்சா அது வெந்நீரே இல்லைன்னு அவர் சொல்லுவாரு, சயா" என்றார் கடைசியில்.

"அவர் காலத்துல கரண்டு மலிவு, அமா" என்றேன். அவரும் சிரித்துச் சம்மதித்தார்.

அன்றைக்கே முள்ளை ஐம்பத்தைந்துக்குத் திருப்பினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அது எழுபதில் நின்றது.

குமிழ் தேய்ந்துபோய் நழுவியிருக்கும் என்று நினைத்தேன். கழற்றித் துடைத்து, திருகை இறுக்கி, மறுபடி ஐம்பத்தைந்தில் வைத்தேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் எழுபது. பாய்லர் முன்னால் இருபது வருஷம் நின்றவன் நான். நழுவுகிற முள் ஒரு தடவை அறுபத்தெட்டில் நிற்கும், இன்னொரு தடவை எழுபத்துமூன்றில் நிற்கும். இது ஒவ்வொரு தடவையும் கோட்டின் மேல் ஊசி வைத்ததுபோல் எழுபதில் நின்றது.

இன்னொரு சாவி வைத்திருக்கும் அமாவிடம் கேட்டேன்.

"நானா? என் முழங்காலை வச்சுக்கிட்டு அந்தக் கொட்டகைப் படியில நான் ஏறுவேனா?" என்றார். பிறகு மேலே பார்த்து, சாதாரணமாகச் சொன்னார். "அவருக்குப் பிடிக்கலை போல."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க. மேல யாரோ இருக்காக. நான் சொன்னா நீங்க சிரிப்பீகன்னு சொல்லல."

"என்ன பாத்தே?"

"பாக்கல. குழாயைத் தொட்டுப் பாருங்க. மத்தியானம்."

எங்கள் குளியலறைச் சுவரில் வெந்நீர்க் குழாய் தரையிலிருந்து வந்து, எங்களுக்கு ஒரு கிளை கொடுத்துவிட்டு, கூரையைத் துளைத்துக்கொண்டு மேல்வீட்டுக்குப் போகிறது. அந்த மேல்பாதியில் தண்ணீர் ஓட வேண்டிய தேவையே இல்லை. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, கட்டடத்தில் பாதிப் பேர் வேலைக்குப் போய், மீதிப் பேர் தூங்கும் நேரத்தில், நான் அங்கே போய் நின்றேன். குழாய் குளிர்ந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் டிக் டிக் என்று சத்தம். சூடு ஏறும்போது இரும்பு விரியும் சத்தம். கூரைக்குப் பக்கத்தில் கையை வைத்தேன். சூடு என் கையைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. காதை வைத்தேன். நூல் போல மெலிசாகத் தண்ணீர் ஓடும் ஓசை.

குழாயில் உப்புப் படிந்திருந்தால் தட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கையில் இருந்த ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டிய அந்த நொடியே ஓசை நின்றுவிட்டது.

அப்படி நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. கசிவு என்றால் தட்டினால் நிற்காது. நான் கேட்பது அதற்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். மேலேயும் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. வெளியே வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு மாலை மனைவி சூடம் கொளுத்திக் குளியலறை வாசலில் காட்டியபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொழில்காரனின் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே. முள் மேல் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்தி, அதற்குச் சின்னப் பூட்டு ஒன்று போட்டேன். அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. எஞ்சினியர் பூட்டையும் திறந்தாரென்றால் அப்புறம் ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முள் ஐம்பத்தைந்திலேயே நின்றது. ஒரு வாரம் போனது. மேல்குழாயில் மட்டும் ஒரு மாற்றம். முன்பு சிறிது நேரம் ஓடிய தண்ணீர் இப்போது நெடுநேரம் ஓடியது. இன்னும் சூடு வருமா என்று யாரோ விரலை நீட்டிக் காத்திருப்பதுபோல ஓடியது.

அந்த வாரக் கடைசியில் அமா என்னைப் படியில் நிறுத்தினார்.

"அந்தப் பெட்டிக்குச் சாவி ஒண்ணு எனக்கும் குடுங்களேன், சயா."

"நீங்கதான் அந்தப் பக்கமே போறதில்லையே, அமா" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்து, படியில் ஆள் வரும் சத்தம் கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த முகத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாலு நாள் கழித்துக் காலையில் அவர் சமையலறையில் விழுந்து கிடந்தார். வலது பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியூரிலிருந்து அவருடைய தங்கை மகள் வந்து கூட இருந்தாள். புத்தர் மாடத்துக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று அமாவின் சாவிக் கொத்தை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கீழ்வீட்டிலும் ஒரு மாடம் உண்டு. மனைவி அதற்கு மட்டும் மாற்றினாள். மேல்வீட்டுக்குப் போக அவளுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படியே கழிந்தது.

செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அமாவின் கண் பெரிதானது. இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார், மூடினார், இரண்டு விரலைக் காட்டினார். ஏழு. அப்புறம் சுட்டுவிரலை மேலே நீட்டினார். மறுபடி ஐந்து, இரண்டு, மேலே. தங்கை மகள் அழுதாள். "பெரியப்பாகிட்டப் போறேங்கிறாங்க. இன்னும் ஏழு நாள்னு சொல்றாங்க." அமா தலையை வேகமாக ஆட்டி என்னையே பார்த்தார். எனக்கு எழுபது என்று புரிந்தது. சாகக் கிடக்கிறவர் புருஷனுடைய வெந்நீரையா நினைக்கிறார் என்று உடம்பு சிலிர்த்தது. "வச்சிடறேன், அமா. போனதும் வச்சிடறேன்" என்றேன். அவர் கண்ணை மூடினார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். மின்சாரம் இல்லை. இந்தப் பக்கம் நாளுக்குச் சில மணி நேரம் முறைவைத்துத்தான் வரும். மனைவி குளியலறை வாசலில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பேசாதீர்கள் என்று கை காட்டினாள்.

டொக். டொக். டொக்.

குழாயில் மேலிருந்து தட்டும் சத்தம். இரும்பு விரியும் சத்தம் இல்லை. இடைவெளி விட்டு, மூன்று. நிறுத்தி, மறுபடி மூன்று.

"காலையிலேர்ந்து தட்டுறாக" என்றாள் மனைவி உதட்டை மட்டும் அசைத்து.

நான் ஏன் அப்போதே மேலே போனேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கு மனதில் இருந்திருக்கலாம். வெறுங்கையோடு ஏறினேன். எங்கள் படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. விளக்கில்லாத பகலில் அது கிணற்றுக்குள் இருப்பதுபோல் இருக்கும். மேல்வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. கதவில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "உள்ளே யாரு?" என்று பர்மியத்தில் கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கதவுக்கு மறுபக்கம், என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், பதில் வந்தது. தமிழில் வந்தது.

"ஏங்க… தண்ணி சூடா இல்லங்க."

அது என் மனைவியின் பேச்சு. அந்த 'ஏங்க'வை அவள் இழுக்கும் இழுப்பு, கடைசி 'ங்க'வில் குரலைத் தூக்கும் விதம், முப்பது வருஷமாக நான் கேட்கும் அதே ராகம். குரல் மட்டும் காய்ந்த ஓலை உரசுவதுபோல் இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மனைவி நான் விட்ட இடத்திலேயே நின்றாள்.

"நீ பேசுனியா?"

"நான் வாயே தொறக்கலியே. என்னாச்சுங்க? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப் போச்சு?"

கேட்டதைச் சொன்னேன். அவள் என்னைவிடப் பயந்தவள், ஆனால் என்னைவிட யோசிக்கத் தெரிந்தவள். அமாவின் சாவிக் கொத்தை எடுத்தாள்.

"செத்தவுகளுக்குத் தண்ணி சூடா இருந்தா என்ன, ஆறிப்போனா என்ன? வாங்க."

அவள் முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். மூன்றாவது சாவி சேர்ந்தது.

ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரமும் மெழுகும் கலந்த வாசனை. புத்தர் மாடத்துக்குப் பக்கத்தில் எஞ்சினியரின் படம். சுவரோரம் அவருக்கு வைத்த மூச்சுக்காற்றுச் சிலிண்டர் அப்படியே நின்றது. அதற்கும் அந்தப் பக்கம், அறையின் மூலையில், ஒரு பெண் இரண்டு உள்ளங்கைகளையும் எங்களுக்குக் காட்டியபடி நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலைமுடியைக் கத்தரித்துவிட்டிருந்தாள். காலில் தடித்த கம்பளிக் காலுறை. என் மனைவியைக் கண்டதும் அவள் முகம் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் மலர்ந்தது. நாங்கள் அவளைப் பார்த்ததே இல்லை.

அவள் பர்மியத்தில் சொன்ன கதை இதுதான். அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வேலைக்குப் போக மாட்டோம் என்று வெளியேறியவர்களில் ஒருத்தி. நோய்க்காலத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் இடமில்லாதபோது, வீடு வீடாக ரகசியமாகப் போய் வைத்தியம் பார்த்தாள். எஞ்சினியரின் கடைசி நாட்களில் ராப்பகலாக இந்த அறையில் இருந்தவள் அவள்தான். பிறகு அவளோடு வேலை செய்த ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இவளையும் தேடினார்கள். அமா, ஒரு வாரம் மேலே இரு என்றார். அந்த ஒரு வாரம் இரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

அடுப்பு மூட்டினால் வாசனை வரும். மின்சார இணைப்பை மறுபடி கொடுத்தால் மீட்டர் ஓடும். இருந்தது வெந்நீர்க் குழாய் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூடையில் பூவுக்குக் கீழே சேமியாவும் முட்டையும் வரும். எழுபது டிகிரித் தண்ணீரைப் பிளாஸ்கில் பிடித்து, சேமியாவைப் போட்டு மூடினால் அரைமணியில் வெந்துவிடும். முட்டையை இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊற வைத்தால் இளசாகத் திரளும். ஐம்பத்தைந்தில் சேமியா நடுவில் குச்சியாகவே இருக்கும், முட்டை பச்சையாகவே இருக்கும்.

"ரெண்டு வாரமா பச்சையாத்தான் சாப்பிட்டேன். நாலு நாளா அதுவும் தீந்துருச்சு, ஊலே" என்றாள். ஊலே என்றால் மாமா.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டடத்துக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று அந்த இரண்டு வாரமும் எவ்வளவு பெருமையாக இருந்தேன்.

"தமிழ் எப்படித் தெரியும்?" என்று மனைவி கேட்டாள்.

அவள் குளியலறையைக் காட்டினாள். குழாய் போகும் துளை வழியாக எங்கள் வீட்டுப் பேச்சு முழுவதும் அங்கே கேட்குமாம். முதலில் வெறும் சத்தமாக இருந்தது. நாங்கள் மின்சாரத்தை பர்மியக்காரர்கள் போலவே 'மீ' என்போம். "மீ வந்துருச்சு" என்று என் மனைவி சொன்னதும் கீழே மோட்டார் ஓடும். அதிலிருந்து பிடித்தாள். அப்புறம் தண்ணி, அப்புறம் சூடு, அப்புறம் சோறு. பேச ஆளில்லாத நாட்களில் என் மனைவி சொல்வதையெல்லாம் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருப்பாளாம். அமாவுக்குப் பக்கவாதம் வந்ததையும் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். கட்டடத்தில் வேறு யாருக்கும் புரியாத பேச்சு என்பதால்தான் கதவருகே தமிழில் பேசினாள்.

"ஆனா என்னை ஏன் 'ஏங்க'ன்னு கூப்பிட்டே?"

அவள் குழம்பிப் பார்த்தாள். "உங்க பேரு அதுதானே?"

மனைவி சிரித்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து நர்ஸ் மேலும் பேசிவிட்டாள். மனைவிக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல்வலி தீர்ந்ததா என்று கேட்டாள். எனக்கு விடியற்காலை இருமல் நெஞ்சிலிருந்து வருகிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். பிறகு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள் போன் பேசி முடிச்சதும் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவீங்களே, அப்போ கீழ வந்து உங்களைப் பிடிச்சுக்கணும்னு இருக்கும், அடோ" என்றாள். அடோ என்றால் அத்தை.

மனைவியின் சிரிப்பு நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுவாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த அறையில் இருந்தேன். கேட்டதில்லை.

இறங்கிப் போய் முள்ளை எழுபதில் வைத்துவிட்டு, தகரப் பெட்டியைக் கழற்றி எறிந்தேன். கட்டடத்துக்காரர்களிடம் குமிழ் பழுது, எழுபதுக்குக் கீழே நிற்காது என்று சொன்னேன். அமாதான் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சூட்டைக் குறைப்பதற்குப் பதிலாக வேறு வழியில் மிச்சம் பிடித்தேன். முற்றத்தில் உறையில்லாமல் போகும் குழாய்களுக்குப் பழைய கம்பளித் துண்டுகளைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் கட்டினேன். தொட்டிக்குத் தேங்காய்நார் மெத்தையால் ஒரு உறை தைத்தேன். விடிய இரண்டு மணி நேரமும் மத்தியானம் ஒரு மணி நேரமும் தவிர மற்ற நேரம் சூடாக்குவதை நிறுத்தினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம். முள்ளைத் திருப்புவது சுலபமாக இருந்தது, அதனால் அதைச் செய்தேன்.

கூடை எங்கள் பொறுப்பாயிற்று. மனைவி சமைத்ததையே கொண்டுபோனாள். ஒரு மாதம் கழித்து அமா வாய் கோணலோடு வீடு திரும்பினார். நான் போய்ப் பக்கத்தில் குனிந்து "எழுபது" என்றேன். என் கன்னத்தில் இடது கையை வைத்தார்.

அதற்குச் சில நாளில் ஒரு மாலையில் வார்டு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பதியாத விருந்தாளி யாராவது தங்கியிருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்ப்பது வழக்கம். மேல்தளத்துக்கும் ஏறினார்கள். நான் கூடப் போனேன். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனவர்களில் ஒருவன், கதவோரம் சுவருக்கு வெளியே வந்து போகும் வெந்நீர்க் குழாயில் கை வைத்தவன், சட்டென்று எடுத்தான்.

"காலி வீடுன்னீங்க. குழாய் சுடுது?"

என் வாய் தானாகப் பேசியது. எஞ்சினியர் இங்கே செத்தார், அவருக்கு எழுபது டிகிரி வேண்டும், நான் குறைத்து வைத்தால் மறுநாள் எழுபதில் நிற்கும், பூட்டுப் போட்டேன், அவர் மனைவி விழுந்துவிட்டார் என்றேன். எதுவும் பொய்யில்லை. சொல்லச் சொல்ல எனக்கே முதல் நாள் பயம் திரும்பி வந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்துக் கும்பிட்டான். இரண்டு பேரும் கீழே போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

இனி இருக்கக் கூடாது என்று அவளே முடிவு செய்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவில் எங்கள் சொந்தத்தில் ஒரு சடங்கு வந்தது. காலையில் எங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து படகில் போனார்கள். அவள் என் மனைவியின் மாம்பழ நிறச் சேலையைக் கட்டி, பொட்டு வைத்து, பூ முடித்து, நடுவில் நடந்தாள். படகுத்துறை வாசலில் சோதனைக்கு நிற்கும் ஆட்கள் பார்த்தபோது, என் மனைவியிடம் சத்தமாக ஏதோ தமிழில் கோபித்துக்கொண்டாளாம். அந்தக் கரையில் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

மத்தியானம் மனைவி தனியாகத் திரும்பி வந்தாள்.

"படகுல ரெண்டு பேரும் என்ன பேசுனீங்க?"

"நான் பேசலங்க. அவதான் பேசிக்கிட்டே வந்தா. அப்படியே என்னை மாதிரி. எனக்கே நான் பேசுறேனா அவ பேசுறாளான்னு குழம்பிருச்சு. பாதியில கொஞ்சம் சும்மா இரும்மான்னு சொல்லிட்டேன். பயமா இருந்துச்சு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்."

மேல்வீடு மறுபடி பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விட அமாவுக்கு மனமில்லை. படியேற அவரால் முடியாததால், ஞாயிற்றுக்கிழமைகளில் மாடத்துக்குத் தண்ணீர் மாற்ற நான் போகிறேன். ஐந்து நிமிஷ வேலை. போன மாதம் ஒரு நாள், வேலையை முடித்துவிட்டுக் குளியலறைப் பக்கம் போனேன். தரையில் இருக்கும் குழாய்த் துளைக்குச் சற்று மேலே சுவரில், தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு வட்டம் இருந்தது. அதில் என் தலையை வைத்து உட்கார்ந்தேன்.

கீழே மனைவி மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டது. என்னைப் பற்றித்தான் பேச்சு. என் இருமலைப் பற்றி, வேலை போனதிலிருந்து நான் பேசுவது குறைந்துபோனதைப் பற்றி, என்னிடம் சொல்லாமல் அவள் பார்த்து வைத்திருக்கும் டாக்டரைப் பற்றி. எழுந்து வந்திருக்க வேண்டும். போன் பேச்சு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

இறங்கிப் போனதும் அவள் கேட்டாள்.

"இவ்வளவு நேரம் மேல என்ன பண்ணுனீங்க?"

"தண்ணி மாத்துனேன்" என்றேன்.